கற்பூரத்தை அணைக்காத கை

பேச்சுக்கு நடுவே அவர் ‘சத்தியமா’ என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தை இல்லாமல் பொழுது நகராது. பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்பதற்குப் பால்காரர் சத்தியம் செய்வார். பஸ் போய்விட்டது என்று சொல்ல வருகிறவன்கூட ‘அம்மா சத்தியமா போயிருச்சு’ என்பான். அவர் மட்டும் ‘ஆமா’, ‘இல்ல’ இரண்டோடு நிறுத்திக்கொள்வார். ‘நெசமாவா?’ என்று கேட்டால் சொன்னதையே அதே குரலில் இன்னொரு தடவை சொல்வார். மறுபடியும் கேட்டால் பதிலே வராது. கையில் இருக்கிற வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

உடையார்பாளையத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கே ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான் ஆசிரியை. அவர் அதே பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். புருஷன் லாரி விபத்தில் போன பிறகு அந்த வேலை கிடைத்து, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து தனியாக வந்தவர். பிள்ளை இல்லை. நாற்பது வயதிருக்கும். எங்கள் தெருவிலேயே ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தார். பிள்ளைகளுக்கு அவர் சத்துணவு டீச்சர். எனக்கு அக்கா.

முட்டை போடுகிற நாளில் யாராவது ஒரு பையன் தட்டோடு மறுபடி வந்து நிற்பான்.

“சாமி சத்தியமா எனக்கு வரல டீச்சர்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்ப்பார். “சாமிய ஏன்டா சோத்து வரிசையில நிக்க வெக்கிற? ஒனக்கு வந்துச்சா, வரலையா?”

பையன் நெளிவான். “வந்துச்சு டீச்சர்.”

“சரி, போ.”

அவ்வளவுதான். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். எல்லாருக்கும் போட்டு மிச்சமிருந்தால் அவனையே கூப்பிட்டு இன்னொன்று வைப்பார்.

ஜெயங்கொண்டம் சந்தைக்கு அவரோடு போவது பெரிய தொல்லை. நல்ல பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருப்போம். கடைக்காரம்மா விலை பேசுகிற வேகத்தில், “எம் புள்ள மேல சத்தியமா வாங்குன வெலைக்கே தரேன்” என்றால் போச்சு. இவர் பொறுக்கியதையெல்லாம் குவியலிலேயே திருப்பிக் கொட்டிவிடுவார். “புள்ளைய எதுக்கும்மா தராசுல ஏத்துறீங்க?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார். நான் காலிப் பையோடு பின்னாலேயே ஓடவேண்டும். அப்படிப் பார்த்தால் சந்தையில் ஒரு கடை மிஞ்சாது. கடைசியில் சத்தியம் செய்யச் சோம்பல்பட்ட ஒரு கிழவரிடம் முற்றிய காயை வாங்கிக்கொண்டு வருவோம்.

சாமி இல்லை என்று சொல்கிறவர் அல்ல அவர். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துக் காளி கோயிலுக்குப் போவார். நெற்றி நிறையத் திருநீறு இருக்கும். பள்ளியில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிற நாளில் தலைமையாசிரியர் வாசிக்க வாசிக்க வரிவிடாமல் சொல்வார். ஒருமுறை நான் கேலியாகக் கேட்டேன், “இது மட்டும் பரவாயில்லையா அக்கா?”

“உறுதின்னா என் வாயி, என் பொறுப்பு. சத்தியம்னா சாமிய ஜாமீனுக்கு இழுக்குறது. நான் பேசுற பேச்சுக்கு அது எதுக்கு ஸ்டேஷன்ல வந்து ஒக்காரணும்?”

சிரித்தேன். அப்போது அது எனக்கு வெறும் பிடிவாதமாக, கொஞ்சம் வேடிக்கையாக, பள்ளியில் பேசிச் சிரிக்க ஒரு விஷயமாக இருந்தது. என் வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று தெரியாது.

என் தம்பி செல்வம் மோட்டார் மெக்கானிக். கிணற்று மோட்டார், கிரைண்டர், மின்விசிறி எல்லாம் பார்ப்பான். கை சுத்தம், வாய்தான் சுத்தம் கிடையாது. கோபம் வந்தால் என்ன பேசுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. அவனுக்குக் கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி, பூ வைத்துவிட்டு வந்திருந்தோம். வைகாசியில் கல்யாணம்.

மாசியில் ஒருநாள் மேலத்தெரு பண்ணைக்காரர் டீக்கடையில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டார். அவன் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுத்த அவருடைய மோட்டார் மறுபடி புகைந்துவிட்டதாம். “ஒங்கப்பன் இருந்திருந்தா நீ இந்தத் திருட்டு வேலை பாப்பியாடா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். இவன், “மோட்டாரு என்னா, ஒம் வைக்கப்போரே எரிஞ்சு போவும் போ” என்று கத்திவிட்டு வந்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் அந்த வைக்கோல்போர் எரிந்தது. பக்கத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டியும் சேர்ந்து கருகியது. அதன் கத்தல் எங்கள் தெருவரைக்கும் கேட்டது.

பண்ணைக்காரருடைய மச்சினன், செல்வம் கையில் கேனோடு ஓடுவதைப் பார்த்ததாகச் சொன்னான். வேறு என்ன வேண்டும்? முதல்நாள் பேசிய பேச்சு ஊருக்கே தெரியும்.

ஆனால் அந்தச் சாயங்காலம் செல்வம் அக்கா வீட்டில் இருந்தான். அவருடைய கிரைண்டர் ஓடவில்லை என்று நான்தான் அனுப்பிவைத்தேன். கழற்றி மாட்டி முடிக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஓட்டிப் பார்க்காமல் போக வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறான். ‘போர் எரியுது, போர் எரியுது’ என்று சத்தம் கேட்டுத்தான் இரண்டு பேரும் வெளியே ஓடிவந்திருக்கிறார்கள்.

அக்கா இதை யாரும் கேட்கும் முன்பே சொன்னார். இருட்டுகிற நேரத்தில், கரண்ட் இல்லாத வீட்டில், தனியாக இருக்கிற ஒரு பெண் ‘அவன் என் வீட்டில் இருந்தான்’ என்று சொன்னால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் எனக்கு அன்றைக்கு அவ்வளவு நிம்மதி. இவ்வளவு சொன்னவர் மிச்சத்தையும் செய்வார் என்று நினைத்தேன்.

காளி கோயில் முன்னால் ஊர் கூடுவதாக முடிவானது. யார் சொல்வது உண்மை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் கேட்டவன் வாயை மூடிக்கொள்வான்.

கூட்டத்துக்கு முன்னால் நானும் அம்மாவும் அவர் வீட்டுக்குப் போனோம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாளைக்கு ஒரு தடவ. ஒரே ஒரு தடவ,” என்றேன்.

முறத்தைக் கீழே வைத்தார். “நான் பாத்தத வந்து சொல்லுறேன் டீச்சர். எத்தனை தடவ கேட்டாலும் சொல்லுறேன்.”

“சொன்னா நம்ப மாட்டாங்கக்கா. கற்பூரம் அணைச்சாத்தான் நம்புவாங்க.”

“அது அவங்க பாடு.”

“எம் புள்ள பாடு ஆத்தா அது!” என்று அம்மா அவர் காலில் விழுந்துவிட்டாள். அக்கா பதறிப்போய் அம்மாவைத் தூக்கினார். தூக்கியவர் அழுதார். அம்மாவைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். எனக்கு நம்பிக்கை வந்தது. அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“என்னால முடியாதும்மா. என்னைய வேற என்ன வேணா கேளுங்க.”

“கை சுட்டுடும்னு பயமாடி ஒனக்கு?” அம்மா கத்தினாள்.

“பயமில்லம்மா.”

“பின்ன என்ன?”

முறத்தை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கோயில் முன்னால் நிற்க இடமில்லை. மச்சினன் முதலில் வந்தான். தட்டில் கற்பூரம் எரிந்தது. “செல்வம் ஓடுறத என் கண்ணால பாத்தேன், காளியாத்தா மேல சத்தியம்” என்று ஒரே அடியாக அடித்து அணைத்தான். கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான்.

செல்வம் “நானும் அணைக்கிறேன்” என்று பாய்ந்தான். பழி சுமக்கிறவன் சத்தியம் செல்லாது, அவனுக்குச் சாட்சி இருந்தால் வரட்டும் என்று நாட்டாமை தடுத்துவிட்டார்.

அக்கா முன்னால் வந்தார். வந்து நின்று, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். முன்பு சொன்னதிலிருந்து ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. “சத்தம் கேட்டு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வெளிய வந்தோம்” என்றபோது பின்னால் யாரோ ‘ரெண்டு பேரும்’ என்று இழுத்தான். சிரிப்பு எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“சரிம்மா,” என்றார் நாட்டாமை. “கற்பூரத்த ஏத்துங்கப்பா.”

“வேண்டாங்க. நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“அப்ப நீ சொன்னது பொய்யா?”

“இல்லீங்க. நெசம்.”

“நெசம்னா அணைக்கிறதுக்கு என்ன?”

“நெசங்கிறதாலதான் வேண்டாங்கிறேன்.”

நாட்டாமைக்கு விளங்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை. கற்பூரம் தட்டில் எரிந்து கருகித் தானாக அணைந்தது. அதோடு எல்லாம் முடிந்தது.

பண்ணைக்காரர் வீட்டார் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். செல்வம் ரிமாண்டில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். தாடியோடு வந்தான். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து பெண்ணின் மாமா வந்து, பூ வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். நெருப்பு வைத்த கேஸ்கூடப் பெரிசில்லையாம், அந்த விதவை வீட்டு விஷயம்தான் அவர்களுக்குச் சரிப்படவில்லையாம். ஊரில் யாரும் அவனை மோட்டாருக்குக் கூப்பிடவில்லை. காலையில் எழுந்து ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

அக்காவுக்கு மட்டும் என்ன மிச்சம்? அவர் வீட்டுச் சுவரில் கரியால் ‘சத்துணவு டீச்சர்’ என்பதையும் என் தம்பி பேரையும் சேர்த்து எழுதினார்கள். அவர் அழிக்கவில்லை. ஐப்பசி மழைதான் அழித்தது. சில தாய்மார்கள் ‘அந்தப் பொம்பள போடுற சோத்தத் திங்காத’ என்று பிள்ளைகளைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். வராத பிள்ளைகளின் பேரைச் சொல்லி, ‘இன்னிக்கும் அவன் பசியோட போயிட்டான்’ என்று சமையல்காரம்மாவிடம் வருத்தப்படுவார்.

நான் அவரோடு பேசவில்லை. ஒரே பள்ளி. ஒரே தெரு. காலையில் என்னைப் பார்த்து “வாங்க டீச்சர்” என்பார். சாயங்காலம் “வரேன் டீச்சர்” என்பார். நான் குடையை விரித்துக்கொண்டு நடப்பேன். அவர் ஒரு நாளும் சொல்லாமல் இருந்ததில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று மனசு அங்கே போய் நிற்கும். ஒரு நிமிஷ வேலை. கையை நீட்டி ஒரு அடி. என் தம்பியைவிட அவருக்கு அவருடைய உள்ளங்கை பெரிதாகப் போய்விட்டதா? அல்லது அவர் சொன்னதே பொய்யா? பொய் சொல்கிறவர் இப்படித் தன் பெயரைக் கெடுத்துக்கொள்வாரா? இப்படியே சுற்றிச் சுற்றி வருவேன். பிள்ளைகள் “டீச்சர், டீச்சர்” என்று கூப்பிட்ட பிறகுதான் கரும்பலகையில் பாதி எழுதி நிற்பது தெரியும்.

கேஸ் நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. அதற்குள் எங்கள் மாவட்டமே அரியலூர் என்று தனியாகப் பிரிந்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்துவிட்டது.

ஒருவழியாக அரியலூர் கோர்ட்டில் எங்கள் பக்கச் சாட்சியைக் கூப்பிட்டார்கள். எங்கள் வக்கீல் சின்ன வயசு. ‘அந்தம்மா வந்து சொன்னாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்குறேன்’ என்று சொல்லியிருந்தார். சத்தியம் என்ற ஒன்று கோர்ட்டிலும் உண்டு என்பது அக்கா கூண்டில் ஏறும்வரை எனக்கு உறைக்கவில்லை.

கிளார்க் எழுந்து, “கடவுள் சாட்சியாக நான் சொல்வதெல்லாம் உண்மை, சொல்லுங்க” என்றார்.

அக்கா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லுங்கம்மா.”

“சத்தியம் பண்ண மாட்டேங்க.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்து நெரித்தாள். செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். அரசு வக்கீல் உடனே எழுந்தார். “அய்யா, ஊர்க் கூட்டத்துலயும் இந்தச் சாட்சி சத்தியம் பண்ண மறுத்திருக்காங்க.”

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். “சாமி பேர்ல சத்தியம் பண்ண விருப்பமில்லையா?”

“இல்லீங்கய்யா.”

“சரி. நான் சொல்றது உண்மைன்னு உறுதி சொல்லுறீங்களா?”

“சொல்லுறேங்கய்யா. சத்தியம் ஏன் பண்ண மாட்டேன்னா...”

“அது வேண்டாம்மா. ஏன்னு நான் கேக்கல. சட்டம் ரெண்டுக்கும் எடம் குடுத்திருக்கு. சத்தியம் பண்ணாலும் உறுதி சொன்னாலும் இங்க ஒரே மதிப்புதான். பொய் சொன்னா தண்டனையும் ஒண்ணுதான்.” கிளார்க்கைப் பார்த்தார். “உறுதிமொழி வாசிங்க.”

கிளார்க் வாசித்தார். அக்கா ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதானா? எங்கள் வீட்டை அரித்துத் தின்ற விஷயம் இங்கே இரண்டு வரியில் முடிந்துவிட்டதா? எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

நடந்ததைச் சொன்னார். அரசு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

“இருட்டு. கரண்ட் இல்ல. நீங்களும் அவனும் மட்டும். சரிதானே?”

“ஆமாங்க. சிம்னி வெளக்கு ஏத்தி வெச்சிருந்தேன்.”

“அவன் ஒங்களுக்கு என்ன வேணும்?”

“எங்க டீச்சரோட தம்பி. கிரைண்டர் பாக்க வந்த புள்ள.”

“முழு நேரமும் ஒங்க கண்ணு முன்னாடியே இருந்தானா?”

அக்கா யோசித்தார். ‘ஆமா’ என்று சொல்ல யோசனை எதற்கு?

“இல்லீங்க. நடுவுல ஒரு தடவ கொல்லைப் பக்கம் எந்திரிச்சுப் போனான். ஒண்ணுக்குப் போயிட்டு வந்தான்.”

“எவ்வளவு நேரம்?”

“அரிசியக் களைஞ்சு ஒலையில போட்டேன். போட்டுட்டுத் திரும்புனா ஒக்காந்திருந்தான்.”

“அந்த நேரம் அவன நீங்க பாக்கல?”

“பாக்கல.”

எங்கள் வக்கீல் பேனாவை மேஜையில் போட்டார். அம்மா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். அந்தக் கொல்லைக் கதையை அதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. யாருமே கேட்காதபோது ஏன் சொல்லப்போகிறார்? கேட்டதும் சொல்லிவிட்டார்.

ஆனால் முடிவு வேறாக வந்தது. மச்சினனை ஏற்கனவே எங்கள் வக்கீல், ‘இருட்டுல ஆளை எப்படி அடையாளம் தெரிஞ்சுது?’ என்று கேட்டபோது, ‘தண்ணித் தொட்டிகிட்ட தெருவெளக்கு வெளிச்சத்துல’ என்று சொல்லியிருந்தான். அந்த நேரத்தில் ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை என்று மின்வாரிய ஊழியர் வந்து சொன்னார். வைக்கோல்போர் ஊரின் அந்தக் கோடி. அரிசி களைகிற நேரத்தில் போய்த் திரும்ப முடியாது. தீர்ப்பை வக்கீல் எங்களுக்கு விளக்கினார். தான் யாருக்காகச் சாட்சி சொல்ல வந்தாரோ அவனுக்கே பாதகமாக முடியக்கூடியதையும் மறைக்காமல் சொன்ன இந்தச் சாட்சியை நம்பலாம் என்று நீதிபதி எழுதியிருந்தாராம்.

செல்வம் விடுதலை.

சாட்சி சொன்ன அன்று திரும்பும் பஸ்ஸில் நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவரைக்கும் பேசாமல் இருந்தவள் அன்று ஏன் போய் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. உடையார்பாளையம் நெருங்கிக்கொண்டிருந்தது. சிமெண்ட் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. ஜன்னல் வழியாகத் தூசி அடித்தது.

“ஏன்னு கேக்கவே இல்லயே டீச்சர்,” என்றார் திடீரென்று. “எல்லாத்தையும் மனசுல கோத்து வெச்சிருந்தேன்.”

“என்கிட்ட சொல்லுங்க.”

“எங்கப்பா குடிப்பாரு. தெனம் விடிஞ்சதும் என்னையக் கூப்பிட்டு, எந் தலையில கைய வெச்சு, ‘எம் மவ மேல சத்தியம், இனிமே தொட மாட்டேன்’னு எங்கம்மாகிட்ட சொல்லுவாரு. சாயங்காலம் குடிச்சிட்டு வருவாரு. சத்தியத்த மீறுனா யார் மேல பண்ணமோ அவங்க செத்துருவாங்கன்னு ஊருல சொல்லுவாங்கல்ல? நான் தெனம் படுக்கும்போது செத்துருவேன்னு பயந்துகிட்டே படுப்பேன். காலையில எந்திரிச்சா உசுரோட இருப்பேன். மறுபடி கூப்பிடுவாரு.” தன் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். “எங்கப்பா நல்லவரு டீச்சர். கைய வெக்கும்போது நெசமாத்தான் வெப்பாரு. அதான் எனக்கு இன்னும் ஆறல.”

அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதே நேரம், உங்கள் அப்பா குடித்ததற்கு என் தம்பி ஏன் சிறைக்குப் போகவேண்டும் என்று கேட்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயில் கூட்டத்துக்குப் பிறகு அவர் எங்கள் வாசல் படி ஏறியது அன்றுதான். அம்மா வாங்க என்று சொல்லவில்லை. அக்கா கதவோரம் நின்றுகொண்டே செல்வத்தைப் பார்த்துப் பேசினார்.

“அன்னிக்கு நான் கைய நீட்டியிருந்தா ஒனக்கு இதெல்லாம் வந்திருக்காது செல்வம். அந்தப் பொண்ணும் போயிருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நீட்டல. அத ஒங்கிட்ட நேருல சொல்லணும்னு வந்தேன்.”

மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

செல்வம் நிமிர்ந்து பார்த்தான். “மறுபடி இதே மாதிரி வந்துச்சுன்னா? இவ்வளவும் தெரிஞ்ச பொறவும்? அணைப்பீங்களா?”

அவர் உடனே பதில் சொல்லியிருந்தால் நான் வெளியே போகச் சொல்லியிருப்பேன். யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

“மாட்டேன்பா.”

அம்மா எழுந்து உள்ளே போனாள். பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. செல்வம் சிரித்தான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தான்.

“இதுக்காவது ஒரு பொய் சொல்லுவீங்கன்னு பாத்தேன்க்கா. ஒக்காருங்க, சாப்ட்டுட்டுப் போங்க.”

அம்மா பரிமாறவில்லை. நான்தான் பரிமாறினேன். அக்காவும் செல்வமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

செல்வம் அதன்பிறகு ஜெயங்கொண்டத்தில் காயில் கட்டும் கடை போட்டான். மீன்சுருட்டியில் பெண் எடுத்தோம். கற்பூரம் அணைத்த மச்சினனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறான். திருவிழாவில் முதல் ஆளாகக் காப்புக் கட்டிக்கொள்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம், வேண்டுமென்றே பொய் சொன்னானா, அல்லது செல்வம்தான் என்று முடிவுகட்டிவிட்டதால் இருட்டில் ஓடிய யாரோ அவனாகத் தெரிந்தார்களா என்று யோசிப்பேன். யார் நெருப்பு வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

எனக்குள் வேறொன்று தங்கிவிட்டது. அந்தக் கொல்லைப் பக்கம். அரிசி களைகிற நேரம் எவ்வளவு? என் வீட்டில் அரிசி களையும்போதெல்லாம் கை நின்றுவிடும். வாலிபன் ஓடினால்? சைக்கிள் ஏதும் நின்றிருந்தால்? நீதிபதி முடித்ததை நான் மறுபடி மறுபடி எடுத்து விசாரித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவுக்குப் பெரம்பலூர்ப் பக்கமே மாற்றல் கிடைத்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்த அன்று கேட்டுவிட்டேன். “அவன் கொல்லைக்குப் போனானே, அந்த நேரத்துல போயிருப்பானா அக்கா? ஒங்களுக்கு என்ன தோணுது?”

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “நான் பாக்கல டீச்சர்.”

“பாக்கலன்னு தெரியும். என்ன தோணுதுன்னுதான் கேக்குறேன்.”

“தோணுறதெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா, பாத்ததுக்கு என்ன மதிப்பு?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “அவனையே கேளுங்க. ஒரு தடவ கேளுங்க. என்ன சொல்றானோ அத நம்புங்க. நம்ப முடியாதுன்னு தோணுச்சுன்னா கேக்கவே கேக்காதீங்க. கேட்டுட்டு நம்பாம இருக்குறது பாவம்.”

பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நம்ப முடியுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு ரொம்ப நாள் சும்மா இருந்தேன். ஒருநாள் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் ஜெயங்கொண்டம் பஸ் ஏறினேன். கடையில் செல்வம் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

“செல்வம், அந்தப் போருக்கு நெருப்பு வெச்சது நீயாடா?”

கை நின்றது. என்னையே பார்த்தான். இத்தனை வருஷத்தில் நான் அவனைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

“இல்லக்கா.”

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டுப் பேச்சில் அடுத்தாற்போல் வருகிற வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவன் அதற்காகத்தான் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்து விரித்துக்கூட வைத்துவிட்டான்.

“சரிடா,” என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவன் விரித்த கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, கம்பியை மறுபடி எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான்.